குரலை அடக்கத்தான் குடித்தான்

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து 11 வருடம். முதல் ஆறு வருடம் யார்மேலும் கை ஓங்கியதில்லை. காதில் குரல் கேட்டால் போர்வையை இழுத்து மூடி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அப்புறம் கஞ்சா வந்தது, பின்னாலேயே குடி. "குரல் கொஞ்சம் அடங்குது பாப்பா" என்பான். ஒரு மணி நேரம் அடங்கும். விடிந்தால் முன்பைவிட உக்கிரமாகத் திரும்பும்.

ஒருநாள் ராத்திரி நானும் அம்மாவும் சமையலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு நின்றோம். "சோத்துல என்ன கலந்த?" என்று கத்திக்கொண்டே கதவை இடித்தான். பலகை பிளந்து, ரத்தம் வழிய அவன் முழங்கை உள்ளே வந்தது. அம்மா துண்டை எடுத்து அந்தக் கையை அழுத்திப் பிடித்தார். அதன் பிறகுதான் அடங்கினான். மறுநாள் தலையணை உறைக்குள் கை விட்டால், அவன் துப்பிய மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. மனநலப் பிரிவில் "குடியை நிறுத்திவிட்டுக் கூட்டி வாருங்கள்" என்றார்கள். போதை மறுவாழ்வு மையத்திலோ மனநோய் இருப்பவரைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். இப்படியே எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஒரு டாக்டர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார். மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி, வாரம் ஒருமுறை குடியைப் பற்றிப் பேச்சு. மூன்று வருடமாக அவன் யாரையும் அடிக்கவில்லை. நடுவில் இரண்டு முறை குடித்தான், அவனே வந்து சொன்னான்.

ஸ்வீடனில் 8,003 மனச்சிதைவு நோயாளிகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. போதைப் பழக்கமும் சேர்ந்திருந்தவர்களில் 27.6 சதவீதம் பேர் வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தார்கள். பழக்கம் இல்லாதவர்களில் 8.5, பொதுமக்களில் 5.3. நோய் வந்தாலே ஆபத்தானவன் என்று சொந்தக்காரர்கள் பேசும்போது இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

ஒரு அம்மா:
என் மகனுக்கும் இதே நோய்தான். அவன் அடித்ததைவிட அடி வாங்கியதுதான் அதிகம். கூடக் குடித்தவர்களே பணத்தைப் பிடுங்கிக்கொண்டு பல்லை உடைத்து அனுப்பினார்கள். அதை யாரும் வன்முறை என்று பேசுவதில்லை.

ஒரு மனைவி:
எனக்குத் தூக்கம்தான் அடையாளம். அவர் இரண்டு ராத்திரி தூங்காமல் நடந்தால், கத்தியை ஒளித்துவைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன். அவருடைய சந்தேகத்தை மறுத்துப் பேச மாட்டேன், ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன். "பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். அதையும் வாசல் பக்கம் நின்றுதான் கேட்பேன்.