ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் எதற்கு? வகுப்பில் விளக்க உதவி தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். பதினோராம் வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் நான், செல் சவ்வு வழியே பொருள்கள் கடத்தப்படும் பாடத்தில் ஓரிடத்தில் உங்கள் உதவியை நாடுகிறேன்.

சவ்வூடு பரவலை விளக்குவது எளிதாகவே இருந்தது. உப்புநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டு துவண்டு வளைவதை மாணவர்கள் கையில் எடுத்தே பார்த்துவிட்டார்கள். ஆனால் வயிற்றுப்போக்கின்போது நீரிழப்பை ஈடுசெய்யக் குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காட்டியபோது, "வயிற்றுப்போக்கில் இழந்தது உப்பும் நீரும்தானே, குளுக்கோஸ் எதற்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. சிறுகுடல் செல்லின் சவ்விலுள்ள கடத்திப் புரதம் 2 சோடியம் அயனிகளோடு 1 குளுக்கோஸ் மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே கொண்டுவருகிறது என்பதையும், செல்லின் மறுபுறத்திலுள்ள பம்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி-யைச் செலவிட்டு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுப்பதால்தான் அது இயலுகிறது என்பதையும், நீர் இவற்றைப் பின்தொடர்ந்தே உறிஞ்சப்படுகிறது என்பதையும் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல் இருப்பதையும் காட்டினேன். கரும்பலகையில் அம்புக்குறிகள் பெருகப் பெருக, குழப்பமே மிஞ்சியது.

குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் ஆற்றல் நேரடியாக ஏடிபி-யிலிருந்து அல்லாமல், சோடியத்தின் செறிவு வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது என்பதை அட்டை, மணி, நூல் போன்றவற்றைக் கொண்டு காட்டிய அனுபவம் யாருக்கேனும் இருந்தால், செய்முறையை அன்புகூர்ந்து விரிவாக எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்பை மீண்டும் எடுக்க இருக்கிறேன்.