பிபி-511ஏ பேட்டரியில் செல் மாற்றுவது: எந்த செல், எப்படித் திறப்பது, சால்டரிங் செய்யலாமா?

கருப்புவெள்ளை:
வணக்கம் நண்பர்களே. கேனான் 20டி கேமராவுக்கு இரண்டு பிபி-511ஏ பேட்டரி இருக்கிறது, இரண்டும் கம்பெனி அசல். ஒன்று பல வருடம் டிராயரில் கிடந்தது. முனையில் மீட்டர் வைத்தால் 0 வோல்ட், சார்ஜரில் போட்டால் விளக்கு வேகமாக மினுக்குகிறது. இன்னொன்று இருபது நிமிடத்தில் ஃபுல் என்று காட்டுகிறது, மீட்டரிலும் 8.2 வோல்ட் இருக்கிறது, ஆனால் ஃபிளாஷோடு நாலு படம் எடுப்பதற்குள் கேமரா அணைந்துவிடுகிறது. பெயர் தெரியாத மாற்று பேட்டரி வாங்குவதைவிட உள்ளே செல்லை மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். எந்த அளவு செல்? எப்படித் திறப்பது? 60 வாட் அயர்னால் செல் மேலேயே சால்டர் செய்யலாமா? மல்டிமீட்டரும், வோல்ட்டும் ஆம்பியரும் செட் செய்யக்கூடிய பவர் சப்ளையும் கைவசம் உள்ளன.

மின்முனை:
திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே சோதித்துவிடுங்கள். இரண்டிலும் கோளாறு வேறு வேறு.

0 வோல்ட் காட்டினால் செல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இரண்டு லித்தியம் அயன் செல் தொடர் இணைப்பில் இருக்கும், கூடவே ஒரு பாதுகாப்பு போர்டு. ஏதாவது ஒரு செல் 2.5 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கினால் போர்டு வெளி முனையைத் துண்டித்துவிடும். முனையில் எதுவும் தெரியாததால் சார்ஜர் கோளாறு என்று மினுக்குகிறது. சப்ளையை 8.4 வோல்ட், 100 மில்லி ஆம்பியரில் வைத்து பிளஸ், மைனஸ் முனைகளுக்குச் சில விநாடி கொடுத்து எடுங்கள். போர்டு விழித்ததும் உண்மையான வோல்டேஜ் தெரியும். 5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதே 100 மில்லி ஆம்பியரில் 6 வோல்ட் வரை மெதுவாக ஏற்றி, ஒரு வாரம் அப்படியே வைத்து, வோல்டேஜ் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். 4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றவே வேண்டாம். 2 வோல்ட்டுக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்த செல்லில் மைனஸ் பக்கத்தின் செப்புத் தாள் கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். அது அன்றே தெரியாது, பல சார்ஜ் கழித்து சூடாகத்தான் தெரியும். மொத்த வோல்டேஜை மட்டும் நம்பவும் கூடாது. 4.6 என்று காட்டுவது 3.0 + 1.6 ஆகவும் இருக்கலாம்.

இரண்டாவதற்கு 10 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். ஃபுல் சார்ஜில் முனைகளுக்குக் குறுக்கே பத்து விநாடி வைத்து வோல்டேஜைப் பாருங்கள். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கையில் பிடிக்காதீர்கள். நல்ல பேட்டரியில் 0.2 வோல்ட் அளவுக்குத்தான் இறங்கும். 1 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் செல்லின் உள்தடை ஏறிவிட்டது, எந்தச் சார்ஜராலும் அது திரும்பாது. சீக்கிரம் ஃபுல் காட்டுவதற்கும் இதுவே காரணம். மின்னோட்டம் பாயும்போதே வோல்டேஜ் ஃபுல் அளவான 8.4-ஐத் தொட்டுவிடுகிறது, சார்ஜர் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது.

நிக்கல்பட்டை:
செல்லின் அளவு 18500, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றும் 18650 இதில் 15 மில்லிமீட்டர் நீண்டுவிடும், நுழையாது. பாதுகாப்பு போர்டோடு வரும் 18500-ம் நீளம் கூடுதல். போர்டு இல்லாத, தட்டை முனை செல்தான் வேண்டும். இந்த அளவில் 3000 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள், நிஜமான செல்கள் 2000 சுற்றுவட்டத்துக்குள்தான் இருக்கும். உங்கள் பேட்டரியின் அசல் திறனே 1390 எம்ஏஎச். உங்கள் சார்ஜருக்கு அடியில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு ஆம்பியரை அந்த செல் சார்ஜில் தாங்குமா என்றும் பாருங்கள்.

திறப்பதில்தான் விபத்து அதிகம், அதனால் அவசரமே கூடாது. முதலில் அதே 10 ஓம் ரெசிஸ்டரால் பேட்டரியை 6.4 வோல்ட் வரை இறக்குங்கள், ஷார்ட் ஆனாலும் பாதிப்பு குறையும். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் இளக்கி உரியுங்கள். இரண்டு ஓடும் சேரும் கோட்டில் கத்தி நுனியை 1.5 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல் சுற்றிக் கீறுங்கள். நுனியில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்தலாம். செல் சுவரை ஒட்டியே இருக்கிறது, அதன் உடம்பு முழுவதும் மைனஸ். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உறை ஓட்டையாகும். நெயில் பாலிஷ் ரிமூவர் போல இனிப்பான வாடை வந்தால் அங்கேயே நிறுத்தி, வெட்டவெளியில் காய்ந்த மணல் வாளிக்குள் போட்டுவிடுங்கள்.

திறந்ததும் போட்டோ எடுங்கள். செல்லின் மேல் ஒட்டியிருக்கும், சூட்டை உணரும் ரெசிஸ்டரான தெர்மிஸ்டரைப் பத்திரமாக உரித்து, அதன் தடையைக் குறித்து வையுங்கள். போர்டில் வரும் மூன்று இணைப்புகளில் பிளஸை முதலில், நடு இணைப்பை அடுத்து, மைனஸைக் கடைசியில் கழற்றுங்கள். பொருத்தும்போது மைனஸ், நடு, பிளஸ் என்று எதிர் வரிசை. ஒவ்வொன்றையும் கழற்றியதும் சூடு தாங்கும் கேப்டன் டேப் ஒட்டிவிடுங்கள்.

புது செல்கள் ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதியாக இருக்கட்டும். இந்தச் சிறிய போர்டுகளில் இரண்டு செல்லையும் சமப்படுத்தும் பேலன்ஸ் வசதி கிடையாது. ஆரம்பத்திலேயே இரண்டும் சமமாக இல்லையென்றால் ஒன்று முன்னால் நிறைந்து போர்டு துண்டிக்கும், மற்றது பாதியில் நிற்கும். ஆகவே தனித்தனியே 4.20 வோல்ட் வரை ஏற்றி, ஒரு நாள் வைத்து, 0.02 வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் மட்டும் இணையுங்கள். ஒற்றை செல்லை யூஎஸ்பியில் சார்ஜ் செய்யும் டிபி4056 மாட்யூல் பயன்படுத்துவதானால் அதில் வரும் 1.2 கே ரெசிஸ்டரை 2 கே ஆக மாற்றுங்கள், 1 ஆம்பியர் 580 மில்லி ஆம்பியராகும். தொடரில் இணைத்த பிறகு ஒரே யூஎஸ்பி அடாப்டரில் இரண்டு மாட்யூலை மாட்டிவிடாதீர்கள்: மைனஸ் பொதுவாகிவிடுவதால் கீழ்ச் செல் நேராக ஷார்ட்.

சால்டரிங் கேள்விக்கு: செல்லின் மேலே நேரடியாக வேண்டாம். உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் தடுப்புத் தாள் 130 டிகிரி அளவில் உருகத் தொடங்கும். அயர்ன் நுனியோ 350 டிகிரி. 0.15 மில்லிமீட்டர் தடிமன், 5 மில்லிமீட்டர் அகலச் சுத்த நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்ட் (நொடிப்பொழுது மின்சாரத்தால் புள்ளியாக ஒட்டுவது) செய்வதே முறை.

கருப்புவெள்ளை:
மிக்க நன்றி. 10 ஓம் வைத்ததும் 8.2 வோல்ட் 6.6-க்கு இறங்கியது. 0 வோல்ட் பேட்டரி விழித்து 3.1 மட்டும் காட்டுகிறது. ஆக இரண்டிலும் செல் மாற்ற வேண்டும். ஸ்பாட் வெல்டர் இல்லை, வேறு வழி?

பழங்கேமரா:
8.2-லிருந்து 6.6 என்றால் உள்தடை ஏறக்குறைய 2.4 ஓம். படம் எடுக்கையில் உள்ளே கண்ணாடி எகிறும் கணத்தில் கேமரா ஆம்பியர் கணக்கில் இழுக்கும், அணைவதில் ஆச்சரியமில்லை.

வெல்டர் இல்லையென்றால் பட்டை ஏற்கெனவே வெல்ட் செய்த செல்லாகக் கேட்டு வாங்குங்கள். பட்டையின் வெளி நுனியில் முதலில் ஈயம் பூசி, போர்டின் பட்டையோடு இரண்டு விநாடிக்குள் ஒட்டி எடுங்கள், வெப்பம் செல்லுக்குப் போகாது. மின்ஸ்கூட்டர் பேட்டரி கட்டும் கடைகளிலும் வெல்ட் செய்து தருவார்கள். பட்டையை நீங்களே கொண்டு போவது நல்லது. நிக்கல் பூசிய இரும்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் போடுங்கள், மறுநாள் துரு காட்டிக்கொடுக்கும். பிளஸ் முனையில் வட்டக் காகித வாஷர் கட்டாயம். அங்கே பட்டைக்கும் மைனஸ் உறைக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ஸ்டாண்டில் வைத்து எடுப்பதுதான் அதிகம் என்றால் காலி ஓட்டில் பழைய போர்டை மட்டும் விட்டு, மூன்று ஒயரை வெளியே இழுத்து, இரண்டு 18650 ஹோல்டரில் சேர்க்கலாம். ஒயர் 20 கேஜ், ஓர் அடிக்குள் இருக்கட்டும். நடு ஒயரை விட்டுவிட்டால் போர்டு இயங்காது.

நிக்கான் டி70, டி100-க்கான இஎன்-இஎல்3-லும் இதே இரண்டு 18500 தான், இதே வேலைதான். என்பி-4எல் மாதிரி தட்டையான 3.7 வோல்ட் பேட்டரியில் இதை முயல வேண்டாம். அது முழுவதுமே ஒற்றை செல், உப்பியிருந்தால் தொடவே கூடாது.

மின்முனை:
பொருத்தி முடித்ததும் மறுபடி 0 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம், போர்டு பூட்டிக்கொண்டிருக்கும். முன்பு போலவே சப்ளையிலிருந்து 8.4 வோல்ட்டை முனைகளுக்குச் சில விநாடி கொடுத்து எடுங்கள். தெர்மிஸ்டரை செல்லின் உடம்பில் ஒட்டாமல் தொங்க விடாதீர்கள், சூடு தெரியாமல் சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும்.

பேட்டரியின் இரண்டு ஓடுகளையும் உடனே பசை போட்டு மூடாமல், டேப் சுற்றி மூன்று முறை சார்ஜ் ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு ஃபுல்லிலும் நடு இணைப்பில் அளந்தால் இரண்டு செல்லும் 4.15 முதல் 4.20-க்குள் இருக்க வேண்டும். இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போனால் ஒரு செல் சரியில்லை. சரியாக நின்றால் ஓரத்தில் நாலு இடத்தில் மட்டும் பசைப் புள்ளி வையுங்கள், அடுத்த முறை திறக்கச் சுலபம். சுற்றி வழித்தால் ஓடு பருத்து கேமராவுக்குள் மாட்டிக்கொள்ளும். 3.1 வோல்ட் பேட்டரியின் பழைய செல்களுக்கு இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் வேண்டாம்.