சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லா இழுக்கிற டீசல் கார்: எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு நாலு வயது, மகனுக்கு எட்டு மாதம். இப்போது இருப்பது வேகன்ஆர். கொழும்புக்குள் அதற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனால் யாழ்ப்பாணம் போகும்போது தள்ளுவண்டி, பிள்ளைகளின் பைகள், அம்மாவுக்கு வாங்கிய சாமான் எல்லாம் ஏற்றி நாலு பேரும் ஏறினால், புத்தளம் வீதியில் ஒரு லொறியை முந்துவதற்கு முன்னால் முருகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. செலவும் கையைக் கடிக்கக் கூடாது, காரும் கொஞ்சம் உயிரோடு ஓட வேண்டும் என்பதால் டீசல் பக்கம் யோசனை போகிறது. பிஎம்டபிள்யூ 320டி, ஸ்கோடா ஒக்டேவியா, பெஜோ 308 மூன்றும் மனதில் இருக்கின்றன. விற்பவர்கள் சொல்லும் கதை நிறையக் கேட்டுவிட்டேன். சொந்தமாக வைத்து ஓட்டியவர்கள், பார்க்கப் போய்த் திரும்பி வந்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

தெஹிவளை டீசல்:

தம்பி, என்னிடம் 320டி இருக்கிறது, எஃப்30, 2013. சந்தோசமாக ஓட்டுகிறேன், அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கத்தான் செய்யும்.

வேகம் என்றால் எல்லோரும் பூச்சியத்திலிருந்து நூறுக்கு எத்தனை செக்கன் என்றுதான் கேட்கிறார்கள். கொம்பனிக் கணக்கில் இது ஏழரைச் செக்கன் அளவு. அதை வைத்து நான் இந்த நாட்டில் என்ன செய்வது? ஊர் இல்லாத இடத்தில் கார்களுக்கு எல்லை 70, அதிவேகப் பாதையில் 100. நமக்கு வேண்டியது நாற்பதில் லொறிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும் கார் எழுபதுக்கு எவ்வளவு சுருக்காகப் போகிறது என்பதுதான், அதில் டீசலை அடிக்க முடியாது. இந்த எஞ்சின் 1750 ஆர்பிஎம்மிலேயே 380 நியூட்டன் மீற்றர் இழுவை தருகிறது. 1.5 பெற்றோல் அக்சியோ 140 அளவில்தான் தரும், அதுவும் 4000 தாண்டிக் கத்தினால்.

போன முறை யாழ்ப்பாணம் போகும்போது மதவாச்சிக்கு அங்கால் சீமெந்து லொறிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, பின் சீற்றில் மனைவியும் பிள்ளையும் நல்ல நித்திரை, எதிரே வெளி கிடைத்ததும் பெடலை அரைவாசி மிதித்தேன், அவ்வளவுதான், கியர் இரண்டு மூன்று விழுந்து எஞ்சின் அலறும் வேலையே இல்லை, பிள்ளை அசையக்கூட இல்லை. பிள்ளை உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கொழும்புக்குள் லீற்றருக்கு 10, 11. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தூரப் பயணத்தில் 18 க்குக் குறையாது. தாங்கி 57 லீற்றர், யாழ்ப்பாணம் போய்த் திரும்பலாம், வழியில் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் எந்தப் பெற்றோல் செட்டில் இருக்கிறது என்று தேடும் தலையிடி கிடையாது.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, ஆண்கள் எல்லோரும் இழுவையைப் பற்றியே கதைப்பீர்கள், நான் பின் சீற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

இவர் கார் பார்க்கப் புறப்பட்டபோது நான் பிள்ளையின் சீற்றையும் தள்ளுவண்டியையும் வானில் ஏற்றிக்கொண்டு கூடவே போனேன். ஒரு இடத்தில் விற்பவர் சிரித்தார், சிரிக்கட்டும். அந்தக் காரின் டிக்கியில் தள்ளுவண்டியைச் சக்கரம் கழற்றாமல் வைக்க முடியவில்லை. இன்னொன்றில் பின்னோக்கிப் பார்க்கும் பிள்ளை சீற்றைச் சாரதிக்குப் பின்னால் பூட்டிப் பார்த்தால், முன் சீற்றைத் தள்ளித் தள்ளி இவருடைய முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இவர் உயரம், உங்களுக்கு எப்படியோ தெரியாது. பிள்ளை சீற்றைப் பெல்ட் இல்லாமல் காரோடு நேரே பூட்டும் ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா என்று ஆளைக் கேட்க வேண்டாம், சீற்றின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள், இரும்புக் கம்பி கையில் தட்டுப்பட வேண்டும், ஒரு சீற்றுக்கு இரண்டு.

320டி நல்ல கார்தான், தெஹிவளை அண்ணா கோபிக்கக் கூடாது. ஆனால் பின்சக்கர இழுவைக் கார் என்பதால் பின்னால் நடுவில் பெரிய மேடு ஓடுகிறது. இரண்டு பிள்ளை சீற்றுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து பார்த்தேன், காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பால் போத்தல் கொடுக்கவும் விழுந்த சூப்பியைத் தேடவும் யாராவது ஒருவர் நடுவில்தானே இருக்க வேண்டும்? டிக்கி 480 லீற்றர். ஒக்டேவியா மூன்றாம் தலைமுறை 590, அதுவும் பின் கண்ணாடியோடு சேர்ந்து முழுவதும் திறக்கும். நாங்கள் எடுத்தது ஒக்டேவியா 2.0 டீடீஐ, 150 குதிரை. நுவரெலியா ஏற்றத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு மூச்சு வாங்காமல் ஏறுகிறது, எனக்கு அது போதும்.

இன்னொரு விசயம், உங்கள் பிளாட்டில் பார்க்கிங் எப்படி? வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கட்டியிருக்கும் பிளாட்டுகளில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் காரை விட்டால் பின் கதவு பாதிதான் திறக்கும். நித்திரையான பிள்ளையை அந்த இடுக்கால் எடுத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் காரின் அகலம் என்றால் என்னவென்று.

நீலக் கொறோலா:

எல்லோரும் பெரிய பெரிய கார்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள். என்னுடையது சீஈ110, 2சீ எஞ்சின். ரேர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை, பம்ப் முழுக்க மெக்கானிக்கல். எந்த டீசலையும் குடிக்கும், எந்த ஊர் கராஜ் பாஸும் திருத்துவார். வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக் களைத்துப் போவார்.

கொட்டாஞ்சேனை அக்கா:

நீலக் கொறோலா அண்ணா, ஐசோஃபிக்ஸ்?

நீலக் கொறோலா:

அது இல்லைத்தான். பெல்ட்டால் கட்டலாம்.

மாளிகாவத்தை நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பஞ்சிகாவத்தையில் பாட்ஸ் வியாபாரம் செய்கிறவன் நான், கார் சுகமாக ஓடும்போது ஒருவரும் என்னைத் தேடி வருவதில்லை, அதனால் நான் பார்ப்பதெல்லாம் வருத்தக்காரக் கார்கள்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு தம்பி வந்தார், உங்களைப் போலத்தான், சின்னப் பிள்ளைகள், ஐரோப்பிய டீசல் கார், பெயர் வேண்டாம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மத்தியானம் ஏற்றி வருவது, நாள் முழுக்க மூன்று நாலு கிலோமீற்றர் ஓட்டம், அதுவும் காலி வீதி நெரிசலில். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, கூடவே இழுவை குறைந்துவிட்டது. நான் போனட்டைத் திறந்து ஒயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு ஒயில் நின்றது, முகர்ந்தால் டீசல் மணம். ஒயில் குறைந்தால் பயப்பட எல்லோருக்கும் தெரியும், கூடினால் பயப்பட யாருக்கும் தெரியாது.

நடப்பது இதுதான். புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் டீபிஎஃப் என்று ஒரு வடிகட்டி, கரியைப் பிடித்து வைக்கும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரிக்க வேண்டும், அதற்கு 600 பாகை செல்சியஸ் அளவு சூடு தேவை. அதற்காக எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை விசிறும். பத்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓடினால் கரி எரிந்து முடிந்துவிடும். பாதியில் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை நிறுத்தினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். தினமும் இப்படியே நடந்தால் வடிகட்டி அடைக்கும், ஒயில் தண்ணீர் போல இளகும், கடைசியில் ரேர்போவும் போகும்.

பெஜோக்காரர்கள்தான் இந்த வடிகட்டியை முதன்முதலில் 2000 இல் 607 காரில் போட்டு விற்றார்கள். அவர்களுடைய முறையில் ஒரு திரவம் டீசலோடு கலந்து, குறைந்த சூட்டிலேயே கரியை எரிய வைக்கும். நல்ல யோசனை, ஆனால் அந்தத் திரவம் முடிந்தால் நிரப்ப வேண்டும், இங்கே விற்கும் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 308 பார்க்கப் போனால் அதைக் கேளுங்கள், விற்பவர் முழித்தால் விளங்கிக்கொள்ளுங்கள். அதோடு அதன் 1.6 எச்டிஐ டீசல் எஞ்சினுக்கு ரைமிங் பெல்ட், எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இருக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினுக்குப் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின், அது கியர்பொக்ஸ் பக்கமாக இருக்கிறது, சத்தம் வந்தால் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. பொதுவாகவே தெரிந்த பலவீனம் இது, தெஹிவளைத் தம்பிக்கும் தெரிந்திருக்கும். ஸ்கோடாவில் 2.0 டீசலுக்கு வந்த ஆறு கியர் டீஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஓட்டோ கியர்பொக்ஸ், ஒயிலில் நனைந்த கிளட்ச், நெரிசலுக்குப் பரவாயில்லை. 1.6 க்கு வந்த ஏழு கியர் உலர்ந்த கிளட்ச். கொழும்பில் ஓடுவதற்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

பார்க்கப் போனால் முதலில் புகைக்குழாயின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தேயுங்கள். டீபிஎஃப் ஒழுங்காக இருக்கும் காரில் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். கறுப்பாகக் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லாவிட்டால் யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டினால் தலையிடி போய்விடும் என்று சொல்லும் கராஜ்கள் இருக்கின்றன, அந்தப் புகை உங்கள் பிள்ளை நிற்கும் பார்க்கிங்கில்தான் வந்து நிற்கும். அப்புறம் வருடாவருடம் புகைப் பரிசோதனையில் பெடலை அடிவரை மிதித்து எஞ்சினை உறும வைக்கும்போது என்ன வருகிறதென்றும் பார்க்கலாம்.

காரின் கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீற்றர், டீசலை விசிறும் இன்ஜெக்டர்களின் திருத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா, எல்லாம் திரையில் வரும். மீற்றரைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு இதையெல்லாம் ஒரேயடியாக மறைக்க இலகுவில்லை.

கணக்கு வாத்தி:

கணக்கு மட்டும் சொல்கிறேன். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். லீற்றருக்கு 12 ஓடும் பெற்றோல் கார் 83 லீற்றர் குடிக்கும், 18 ஓடும் டீசல் கார் 56 லீற்றர். மிச்சம் 27 லீற்றர். அந்த மிச்சம் ஒரு இன்ஜெக்டருக்குப் போதுமா என்று நானாவைக் கேளுங்கள். அதுவும் 18 என்பது தூரப் பயணத்துக் கணக்கு, கொழும்புக்குள் தெஹிவளை அண்ணா சொன்ன 10, 11 தான், அங்கே டொயோட்டா அக்வா மாதிரி ஒரு ஹைபிரிட் 20 ஐ ஒட்டி ஓடும். டீசல் எப்போதும் மலிவு என்பதும் பழைய கதை, 2022 கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோலை விட டீசல் விலை கூடி நின்றதை எல்லோரும் பார்த்தோம். 2020 இலிருந்து 2025 வரை இறக்குமதி நின்றிருந்ததால் சந்தையில் கிடைக்கும் டீசல் கார் பெரும்பாலும் பத்து வருடம் தாண்டியது. புதிதாக இறக்கலாம் என்றால் வரியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தெஹிவளை டீசல்:

வாத்தியார், கணக்கு சரிதான். லொறிக்குப் பின்னால் நாற்பதில் போகும்போது ஹைபிரிட் கணக்குப் பார்க்கட்டும், நான் முந்துகிறேன்.

வெள்ளவத்தை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நானா சொன்னதை வாசித்ததும் மனைவிக்குக் காட்டினேன், டீசல் ஆசையை விடுங்கள் என்று சொல்லிவிட்டா. ஒன்று கேட்கிறேன் நானா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது மனைவிதான், வேகன்ஆரில், அதை விற்கவும் போவதில்லை. நான் வேலை செய்வது கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில். தினமும் பேலியகொடையில் ஏறி அதிவேகப் பாதையால்தான் போய் வருகிறேன், இப்போது கம்பனி வானில். கார் எடுத்தால் அதில் போவேன். இதற்கும் டீசல் சரிவராதா?

மாளிகாவத்தை நானா:

அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனே தம்பி! கட்டுநாயக்கப் பாதை 25 கிலோமீற்றருக்கு மேலே, போகும்போதும் வரும்போதும் ஒரே சீரான ஓட்டம், டீபிஎஃப் தானாகவே எரிந்து சுத்தமாகும். இந்தக் காரெல்லாம் இப்படி ஓடத்தான் செய்தது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், நானா மனதை மாற்றிவிட்டார் என்று. சூப்பர் டீசல் மட்டும் ஊற்றுங்கள், டீபிஎஃப்புக்கு ஏற்ற ஒயில் போடுங்கள், போத்தலில் ஸீ3 என்று இருக்கும், கொம்பனி சொல்லும் கிலோமீற்றருக்கு முன்னாலேயே மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:

அப்படியென்றால் ஒக்டேவியா எடுங்கள் தம்பி. 320டி தனியாகப் போகிறவருக்கு, நீங்கள் வார இறுதியில் குடும்பத்தையும் ஏற்ற வேண்டும்.

தெஹிவளை டீசல்:

அக்கா ஒரு பிள்ளை சீற்றுக்காக என் காரை ஒதுக்கிவிட்டா.

வெள்ளவத்தை அப்பா:

நீர்கொழும்பில் ஒரு ஒக்டேவியா விற்பனைக்கு இருக்கிறது, 2015, 2.0. கதைத்துப் பார்த்தேன், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள், காலையில் மகளை டியூசனில் விட்டு வந்துவிடுவேன் என்கிறார்.

மாளிகாவத்தை நானா:

மத்தியானம் வேண்டாம், டீசல் எஞ்சினின் குறை குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். காலை ஆறரைக்கு வருகிறோம், அதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் போனட்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது, ஞாயிறு என்றால் நானும் வருவேன்.