மறு: திறந்த ஆய்வைத் தொழிலுக்குக் கொண்டுபோறதுக்கு ஒரு சொல்: ‘பதியம்’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு வாரமா இந்த இழையை வேலைக்கு நடுவுல படிச்சுக்கிட்டே வர்றேன், இன்னைக்குத்தான் உக்காந்து எழுத நேரம் கிடைச்சுது. மடல் கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. அக்கா கேட்டது பாலிடெக்னிக் பசங்களுக்கான கையேட்டுக்கு. பல்கலைக்கழகத்துல பொதுவுல திறந்து வெச்ச ஆராய்ச்சியை ஒரு கம்பெனி எடுத்து, அதைப் பண்ணவங்களோட சேந்தே வேலை பாத்து, சந்தைக்கு வர்ற பொருளா ஆக்குறாங்களே, அந்த முழு வேலைக்கும் ஒரே சொல் வேணும். இதுவரைக்கும் வந்தது தொழில்நுட்பப் பரிமாற்றம், அறிவுக் கைமாற்றம், வணிகமயமாக்கல், புத்தாக்கம். நாலுமே எனக்கு ஒட்டலை.

> பரிமாற்றம், கைமாற்றம் ரெண்டும் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, புதுசா எதுக்குங்க?

ஐயா, கைமாற்றம்னா ஒருத்தர் கையை விட்டுப் போயி இன்னொருத்தர் கைக்கு வர்றது. நிலம் கைமாறுது, வண்டி கைமாறுது, குடுத்தவருக்கு அதுக்கப்புறம் அதுல பாத்தியதை இல்லை. ஊருல ‘கைமாத்தா ஐநூறு ரூபா குடு’ன்னா திருப்பித் தர்ற சின்னக் கடன். காப்புரிமை வாங்கி ஒரே ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுக்குற வேலைக்கு இந்தச் சொல் சரியாத்தான் இருக்கும், அங்க அது இருக்கட்டும். ஆனா திறந்த ஆய்வுல எதுவும் யார் கையையும் விட்டுப் போறதில்லை. நான் எடுத்தாலும் நீங்க எடுத்தாலும் அது அங்கயேதான் இருக்கு, பசங்க மனசுல பதிய வேண்டிய முதல் விஷயமே இதுதான், சொல்லே அதுக்கு எதிரா நின்னா அத்தியாயம் முழுக்க விளக்கம் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

புத்தாக்கம் அழகான சொல், ஆனா ஆசிரியர்களுக்கு நடத்துற புத்தாக்கப் பயிற்சியும் அதேதான், அதுபோக அது விளைவோட பேரு, நமக்கு வேண்டியது வழியோட பேரு. வணிகமயமாக்கல்னா நம்ம ஊருல குறை சொல்றதுக்குத்தான் வாயில வரும், கல்வி வணிகமயமாகுதுன்னு.

சரி, அந்த வழியில உண்மையில என்ன நடக்குதுன்னு பாத்தாத்தான் சொல் கிடைக்கும். நான் சிப் வெரிஃபிகேஷன் வேலைல, அதாவது சிப்போட வடிவமைப்புல தப்பு இருக்கான்னு சோதிக்கிற வேலைல இருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்ச உதாரணமே சொல்றேன். ரிஸ்க் ஃபைவ், 2010ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச கட்டளைத் தொகுப்பு, அதாவது ஒரு ப்ராசசர் புரிஞ்சுக்குற கட்டளைகளோட பட்டியல், யார் வேணும்னாலும் காசு குடுக்காம அதை வெச்சு ப்ராசசர் செய்யலாம். அந்தத் தொகுப்பை வெச்சு சூரிக்ல இருக்குற ஈடிஎச் பல்கலைக்கழகமும் இத்தாலியில பொலோன்யா பல்கலைக்கழகமும் சேந்து ஜீரோ ரிஸ்கின்னு ஒரு குட்டி ப்ராசசர் கோர் (கட்டளைகளை ஓட்டுற மையப் பகுதி) செஞ்சு, அதோட வடிவமைப்புக் கோடை (code) பொதுவுல வெச்சாங்க. 2018 டிசம்பர்ல கேம்பிரிட்ஜ்ல இருக்குற லோரிஸ்க்குங்கிற லாபநோக்கமில்லாத கம்பெனி அதைப் பொறுப்பெடுத்து ஐபெக்ஸ்னு பேரு மாத்துச்சு. 2019 நவம்பர்ல கூகிள் அறிவிச்ச ஓப்பன் டைட்டன் பாதுகாப்பு சிப் திட்டத்துல உள்ள உக்காந்திருக்குறது அந்த ஐபெக்ஸ்தான், அதுல ஈடிஎச்சும் ஒரு பங்காளி. சிப்பு வெளிய வர்ற நிலைமைக்கு வந்தது 2024ல. நடுவுல அந்த வருசமெல்லாம் என்ன பண்ணாங்கன்னு கேட்டா, பெரும்பாலும் சோதனை, சோதனை, திரும்ப சோதனை. டாகுமெண்ட் எழுதுறது, ஒவ்வொரு வரி கோடுக்கும் டெஸ்ட் எழுதுறது, விட்டுப்போன மூலை முடுக்கெல்லாம் தேடிப் பிடிக்கிறது. ஒரு ஆய்வுப் பேப்பருக்குப் பத்து ப்ரோக்ராம் ஒழுங்கா ஓடிக் காட்டினாப் போதும், லட்சக்கணக்குல விக்கப்போற சிப்புல ஒரு தப்பு இருந்தா அதைக் கழட்டி மாத்த முடியாது.

இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன். சில வருசம் முன்னாடி நான் இருந்த ஒரு சின்ன கம்பெனியில, பேரு வேணாம், ஒரு பல்கலைக்கழகம் திறந்து வெச்ச கோரை இறக்கி எங்க போர்டுல ஏத்தினோம், லைசன்ஸ் எல்லாம் சரியா இருந்துச்சு, முதல் நாளே ஓடுச்சு, எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் பாத்தா, ரெண்டு இன்டரப்ட் (ஓடுற வேலையை நிறுத்தி ‘இதைக் கவனி’ன்னு ப்ராசசரைக் கூப்பிடுற சிக்னல்) ஒரே கிளாக் சைக்கிள்ல, அதாவது ஒரே துடிப்புல வந்தா மட்டும் ஒண்ணு காணாமப் போயிடுது. மூணு வாரம் சிக்னலோட அலைவடிவத்தைப் பாத்துப் பாத்து கண்ணே பூத்துப்போச்சு. கோடு திறந்துதான் இருக்கு, ஆனா அந்த வரியை ஏன் அப்படி எழுதினாங்கன்னு கோடுல இல்லையே. கடைசில அதை எழுதின பொண்ணுக்கு மெயில் போட்டேன், அது படிப்பு முடிச்சு வேற ஊருக்குப் போயிருந்துச்சு, இருந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன்ல வந்து இருபது நிமிசத்துல சொல்லிடுச்சு, ‘அண்ணா, எங்க பேப்பருக்கு ஒரே ஒரு இன்டரப்ட் போதும்னு அப்படி விட்டேன்.’ மூணு வாரம் எங்க, இருபது நிமிசம் எங்க. நாங்க திருத்தினதை அவங்க கோடு வெச்சிருக்குற களஞ்சியத்துக்கே திருப்பி அனுப்பினோம், அது அங்க சேந்துடுச்சு. நாம தேடுற சொல்லுக்குள்ள அந்த இருபது நிமிசமும் இருக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். எனக்குச் சொந்த ஊரு பழனி பக்கம் ஆயக்குடி, கொய்யாவுக்குப் பேரு போன ஊரு. சின்ன வயசுல மழைக்காலம் வந்தா அம்மா கொய்யா மரத்துல பதியம் போடுவாங்க. பென்சில் தடிமனுக்கு ஒரு கிளையைப் பாத்து, ஒரு இஞ்ச் அளவுக்குச் சுத்திலும் பட்டையை மட்டும் உரிச்சு எடுத்துட்டு, அந்த இடத்துல ஈரமான தென்னை நார்க்கழிவை வெச்சு பாலித்தீன் தாளால சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிடுவாங்க. பட்டை போனதால இலை செய்யுற சாப்பாடு கீழ இறங்க முடியாம அந்த இடத்துலயே தங்கி வேரு விடும். உள்ள இருக்குற கட்டை வழியா தாய்மரம் தண்ணியை மட்டும் மேல அனுப்பிக்கிட்டே இருக்கும், அதனாலதான் கிளை வாடாது. ஒண்ணரை ரெண்டு மாசத்துல தாளுக்குள்ள வெள்ளை வெள்ளையா வேரு தெரியும், அப்புறம் கட்டுக்குக் கீழ வெட்டி எடுத்து பையில நட்டு நெழல்ல வெப்பாங்க. தாய்மரம் அப்படியே நிக்கும், அடுத்த வருசம் வேற கிளையில போடலாம், பக்கத்து வீட்டுக்காரங்க வந்து அவங்களுக்கு ஒண்ணு போட்டுக்கலாம்.

திறந்த ஆய்வு தாய்ச்செடி. கம்பெனி எடுத்துட்டுப் போறது அதோட கிளை. கட்டுப் போட்டு வெச்சிருக்குற காலம்தான் ரெண்டு பேரும் சேந்து வேலை பாக்குற காலம், கிளை இன்னும் தாய்கிட்ட தண்ணி குடிச்சுக்கிட்டே சொந்த வேரு விடுற காலம். வேரு விடாம வெட்டினாச் செத்துப்போகும், நாங்க முதல்ல பண்ணது அதைத்தான். அதனால என் முன்மொழிவு ஆய்வுப் பதியம், சுருக்கமா பதியம், வினையா பதியம் போடு.

> ஆய்வுகூடத்துல இருந்து தொழிலுக்கு வர்றதுக்கு நாற்று நடவுன்னு சொன்னா இன்னும் எளிமையா இருக்குமே தம்பி

நானும் முதல்ல அதைத்தான் நெனச்சேன்ணா. ஆனா நாத்தைப் பறிச்சா நாற்றங்கால் காலி. அங்கதான் இடிக்குது.

> கவைன்னு ஏற்கெனவே நிரலாளர்கள் சொல்றாங்களே, அதுவே போதாதா

கவைங்கிறது (fork) அடுத்தவங்க கோடை நமக்குன்னு ஒரு பிரதி எடுத்துக்குறது, அது ஒரு க்ளிக். நான் சொன்ன அந்த முதல் நாள் சந்தோசம் வரைக்கும்தான் அது. கவை வேற, பதியம் வேற, ரெண்டுமே இருக்கட்டும்.

> ஒட்டு? ஒட்டுமாங்கன்னு மாதிரி கல்லூரி ஒரு பக்கம் கம்பெனி ஒரு பக்கம்

இது நல்ல கேள்வி, ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒட்டுல ரெண்டு தனித்தனிச் செடி, வேரு ஒருத்தரோடது, மேல வளர்றது இன்னொருத்தரோடது. கல்லூரியும் கம்பெனியும் அவங்கவங்க மூடி வெச்சிருக்குறதைக் கொண்டுவந்து ஒப்பந்தம் போட்டுச் சேத்துச் செய்யுற ஆய்வுக்கு ‘ஒட்டாய்வு’ன்னு வெச்சா கச்சிதமா இருக்கும், அக்கா அதையும் குறிச்சுக்கோங்க. மூலம் பொதுவுல இருந்தா பதியம். கையேட்டுல ரெண்டு சொல்லும் பக்கத்துல பக்கத்துல வந்தா பசங்களுக்கு வித்தியாசம் தானா புரியும்.

> பதிப்பு, பதிவு, பதிப்புரிமை, இப்பப் பதியமா? குழம்பும்

எல்லாம் பதிங்கிற ஒரே வேருதான், ஒண்ணை இன்னொண்ணுல அழுத்தி ஊன வைக்கிறது. ஆய்வைப் பதிப்பிக்கிறாங்க, அப்புறம் அதுல இருந்து பதியம் போடுறாங்க, எனக்கு இது குழப்பமாத் தெரியலை, வரிசையாத் தெரியுது. ஒரே ஒரு எடத்துல எச்சரிக்கை வேணும், ‘பதிய வேண்டும்’னு எழுதினா பதிவு செய்யணும்னு படிப்பாங்க, அதனால எப்பவும் ‘பதியம் போட’ன்னே எழுதணும்.

> கிராமத்துச் சொல்லா இருக்கு, தொழில்நுட்பச் சொல் மாதிரி கனமா இல்லை

இதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்க. ஒளியிழைன்னு கூசாமச் சொல்றோமே, இழை தறியில இருந்து வந்ததுதானே. வலை எங்க இருந்து வந்துச்சு? நாம பேசிக்கிட்டிருக்குற இந்த இழையே இழைதான். கையேடு படிக்கப்போற பையன் வீட்டுக் கொல்லையில மல்லிகைப் பதியம் இருக்கும், அவனுக்குச் சொல்லைக் கேட்டதுமே பாதி பாடம் முடிஞ்சுடும். அந்தப் பையனுக்காகத்தான் நாம இத்தனை மடல் எழுதுறோம்.

> உங்க உதாரணம் எல்லாம் வெளிநாடு, அதுவும் சிப்பு

பக்கத்துலயே இருக்குங்க. சென்னை ஐஐடியில பேராசிரியர் காமகோடி தலைமையில வளர்ந்த சக்தி ப்ராசசர், அதுவும் ரிஸ்க் ஃபைவ்தான், யார் வேணும்னாலும் எடுத்து மாத்திப் பயன்படுத்தலாம்ங்கிற பிஎஸ்டி லைசன்ஸ்ல கோடு திறந்து கிடக்கு. 2018ல முதல் சிப்பு வந்துச்சு. அந்தக் குழுவுல இருந்தவங்க இன்கோர்னு தனியா ஒரு சிப் கம்பெனி தொடங்கினாங்க. திருவனந்தபுரத்துல இஸ்ரோவோட இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட் எங்களுக்கு விண்கலத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டு, ஐஐடியோட சேந்தே வடிவமைச்சு, 2025 பிப்ரவரியில ஐரிஸ்னு அறிவிச்சாங்க. சிப்பு சண்டிகர்ல செமிகண்டக்டர் லேபரட்டரியில செஞ்சது, பேக்கேஜிங் கர்நாடகாவுல டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ், போர்டு குஜராத்துல, அதுல பாகங்களைப் பொருத்தினது நம்ம சென்னையில சிர்மா கம்பெனி. ஒரே தாய்ச்செடியில இருந்து எத்தனை கை பட்டு வேரு விட்டிருக்கு பாருங்க. இதுல இஸ்ரோ அரசாங்கம், மத்ததுல தனியார் இருக்கு, யாரா இருந்தாலும் சொல் பொருந்துது.

மருந்துக்கும் பொருந்தும். 2010ல பாஸ்டன் டேனா ஃபார்பர் புற்றுநோய் மையத்துல ஜேம்ஸ் பிராட்னர் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டுல இருக்குற ஸ்ட்ரக்சுரல் ஜீனோமிக்ஸ் கன்சார்ட்டியம்காரங்களும் ஜேக்யூ1னு ஒரு மூலக்கூறோட அமைப்பை வெளியிட்டு, கேட்ட லேபுக்கெல்லாம் சாம்பிளும் அனுப்பினாங்க. அதுக்கப்புறம் பல மருந்து கம்பெனி, ஜேக்யூ1 போய் ஒட்டுற அதே புரதங்களை நோக்கி அவங்கவங்க மூலக்கூறைத் தேடிப் போனாங்க, நிறைய முயற்சி பாதியில நின்னும் போச்சு. எங்க வீட்டுலயும் பத்து கட்டுப் போட்டா ரெண்டு மூணு வேரு விடாது, அதுக்கும் ‘வேர் பிடிக்கல’ன்னு சொல் கையிலயே இருக்கு.

இன்னொண்ணு, வேரு விட்ட செடியே அடுத்த தாய்ச்செடியா ஆகுறதும் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி ரிஸ்க் ஃபைவ் எடுத்து தன் சேமிப்புச் சாதனங்களுக்காகச் செஞ்ச ஸ்வெர்வ்ங்கிற ப்ராசசர் கோரை 2019ல எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. இதுக்கு ‘மறுபதியம்’னு தனிச்சொல் வேணுமா, இல்லை பதியமே போதுமான்னு எனக்கு முடிவாத் தெரியலை, நீங்க சொல்லுங்க.

கையேட்டுக்கு நான் எழுதிப் பாத்த விளக்கம் இது, வெட்டியோ ஒட்டியோ எடுத்துக்கோங்க அக்கா:

*ஆய்வுப் பதியம்: பொதுவில் திறந்து வைக்கப்பட்ட ஆய்வு முடிவை ஒரு நிறுவனம் எடுத்து, அதை உருவாக்கியவர்களின் துணையோடு சோதித்துத் திருத்தி, தன் சொந்தப் பொறுப்பில் நிற்கும் பொருளாக வளர்ப்பது. மூல ஆய்வு எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும்.*

கூடவே வர்ற சொற்கள்: மூல ஆய்வுக்குத் தாய்ச்செடி, கூட்டு வேலைக் காலத்துக்குக் கட்டுக்காலம், கம்பெனி தனியா நிக்கிற கட்டத்துக்கு வேர்பிடிப்பு. கட்டுக்காலம்ங்கிறது மட்டும் கட்டுப்பாடு மாதிரி காதுல விழுதோன்னு ஒரு உறுத்தல் இருக்கு. என் வீட்டுக்காரம்மா ‘பிணைப்புக்காலம்’னு சொல்றாங்க, எனக்கு அதுவும் பிடிச்சிருக்கு.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு கேள்வி. அங்க ‘பதி வைக்கிறது’ன்னு சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன், சரியா? அறிவுசார் சொத்துன்னு நாங்க சொல்றதை நீங்க புலமைச் சொத்துங்கிறீங்க, அந்த மாதிரி இதுலயும் ரெண்டு வடிவமாப் பிரிஞ்சு போகாம ஆரம்பத்துலயே ஒண்ணா வெச்சுக்கிட்டா நல்லது. யாழ்ப்பாணத்துலயும் மட்டக்களப்புலயும் தோட்டம் வெச்சிருக்குறவங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்க. அக்கா வர்ற வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கணுமாம், வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள பதில் வந்தா நான் அத்தியாயம் முழுக்கச் சொல்லை மாத்திப் படிச்சுப் பாத்து அனுப்பிடுறேன்.

அன்புடன்