மறு: ரன்-அவுட்டுக்குத் தமிழ்ச் சொல் – சுழற்கோட்டம்

குழுவினருக்கு வணக்கம்.

மரப்பேனா கடைசல் சொற்பட்டியலில் ‘ரன்-அவுட்’ மட்டும், அதாவது லேத்தில் சுழலும் பாகம் நேர்ச்சுற்றிலிருந்து பிசகுவது மட்டும், இன்னும் முடியாமல் நிற்கிறது. ஆட்டம், அதிர்வு, மையவிலகல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. போன மடலில் நான் ‘சுழற்கோட்டம்’ என்றேன். அதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். பழுது பார்க்கிறவர் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது அவர் பழுதுக்கு வைக்கும் பெயரிலிருந்தே தொடங்குகிறது. மூன்று பழுதுகளுக்கு ஒரே பெயர் இருந்தால், பேரிங்கை மாற்ற வேண்டியவர் உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

> ஆட்டம் என்றாலே போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பட்டறையில் “பேரிங்கில் ஆட்டம் இருக்கு” என்றால் தளர்ச்சி இருக்கிறது என்று பொருள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஸ்பிண்டிலை (மோட்டார் சுழற்றும் தண்டை) கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தாலே அது தெரிந்துவிடும். ரன்-அவுட் அப்படித் தெரியாது. எல்லாம் இறுக்கமாக, கொஞ்சமும் அசையாமல் இருக்கும்போதும் அது இருக்கும். சுற்றினால்தான் வெளியே வரும். ஆட்டம் என்ற சொல் ஏற்கெனவே தன் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொரு பொருளை ஏற்றினால் இரண்டும் கெடும்.

அதிர்வையும் இதே காரணத்துக்காகத்தான் மறுக்கிறேன். மழுங்கிய உளி, மெல்லிய கம்பி, அளவுக்கு மீறிய வேகம் இவற்றால் மரத்தின் மேல் வரி வரியாகத் தடம் விழும். வேகத்தை மாற்றினாலோ உளியைத் தீட்டினாலோ அது குறையும். அதை ‘அதிர்வுத் தழும்பு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ரன்-அவுட்டுக்கு வேகத்தோடு சம்பந்தம் இல்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றினாலும், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முள் அதைக் காட்டும்.

> மையவிலகல்தான் துல்லியமான சொல்.

இந்த மறுப்புக்கு வலு இருக்கிறது. அதனால் பேனாவையே எடுத்துப் பார்ப்போம். மெல்லிய வகைப் பேனாவில் மரக்கட்டைக்குள் 7 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, அதை மேன்ட்ரல் என்ற, கட்டையைத் தாங்கிச் சுழலும் கம்பியில் கோத்து, இரு பக்கமும் புஷ் (அளவு காட்டும் உலோக வளையம்) வைத்துக் கடைகிறோம். புஷ்ஷின் வெளிவிட்டம் ஏறக்குறைய 8.3 மி.மீ. ஆக, கடைந்து முடித்தபின் முனையில் மிஞ்சும் மரத்தின் தடிமன் ஒரு பக்கத்துக்கு 0.65 மி.மீ. மட்டுமே. கம்பியின் மையம் சுழலும் அச்சிலிருந்து 0.2 மி.மீ. தள்ளியிருந்தால் ஒரு பக்கம் 0.85, எதிர்ப்பக்கம் 0.45 என்று ஆகிவிடும். பேனாவைப் பூட்டியபின் மரமும் உலோக வளையமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் படி இடறும்.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைந்த மரம் லேத்தில் இருக்கும்வரை டயல் கேஜை அதன் மேல் வைத்தால் முள் அசையாது. உளி அந்தச் சுழற்சியிலேயே அதை வட்டமாக்கிவிட்டது அல்லவா! கம்பியின் மேல் வைத்தால்தான் முள் 0.4 மி.மீ. ஆடும். மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு. அதாவது, ரன்-அவுட் என்பது கம்பியில் நாம் அளக்கும் பழுது. மையவிலகல் என்பது அதனால் பேனாவில் விழும் குறை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால், “மரத்தில் அளந்தேன், மையவிலகல் இல்லை, ஆனால் பேனா கோணலாக வருகிறது” என்று ஒருவர் எழுதுவார். நாம் எல்லோரும் குழம்புவோம். தவிர, வளைந்த கம்பியும் ரன்-அவுட் காட்டும். டேப்பரில் (மேன்ட்ரலைச் செருகும் கூம்புத் துளையில்) சிக்கிய மரத்தூளும் காட்டும். கம்பியின் மையம் விலகுவது ரன்-அவுட்டின் காரணங்களில் ஒன்று மட்டும்தான்.

சரி, ஏன் கோட்டம்?

இந்தச் சொல்லை நாம் உருவாக்கவே வேண்டாம். சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி, ரிம் பக்கவாட்டில் உரசும் இடத்தைப் பார்த்துக் கம்பியை முடுக்குகிறார்களே, அந்த வேலைக்குப் பெயர் கோட்டம் எடுப்பது. சுற்றும் பொருள் நேர்ச்சுற்றிலிருந்து பிசகுவதும், அதை அளந்து சரிசெய்வதும் அந்த ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன. லேத் பட்டறைகளில் ‘அவுட்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே ஆள் தன் சைக்கிளைக் கடையில் விடும்போது கோட்டம் என்றுதான் சொல்கிறார்.

மரத்துக்கும் இந்தச் சொல் புதிதல்ல. நன்னூலின் பாயிரத்தில் “மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும்நூல்” என்று வருகிறது. தச்சர் நூல் பிடித்துக் கட்டையின் வளைவைத் தீர்ப்பதைத்தான் அங்கே உவமையாகச் சொல்கிறார் பவணந்தி. மரவேலைப் பழுதுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா என்று தெரியவில்லை.

> கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்று நினைக்க மாட்டார்களா?

அதற்காகத்தான் ‘சுழல்’ என்ற முன்னொட்டு. சுழல் + கோட்டம் = சுழற்கோட்டம். முதல் தடவை முழுச்சொல்லையும் எழுதிவிட்டு, அப்புறம் கோட்டம் என்று மட்டும் சொன்னாலும் போதும். கம்பியின் சுற்றுப்புறத்தில் அளந்தால் ஆரக்கோட்டம், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் முகத்தில் அளந்தால் முகக்கோட்டம். நேரான கம்பியை வளைந்த கம்பியிலிருந்து பிரித்துச் சொல்ல ‘வளைவு’ தனியாக இருக்கிறது.

சொல் பழுதுபார்ப்பு வாக்கியங்களில் நிற்கிறதா என்று பார்க்கத்தானே வேண்டும்? கையேட்டில் வரவேண்டிய பகுதியை அப்படியே எழுதிப் பார்த்தேன்:

“கோட்டம் பார்க்கும்போது மேன்ட்ரலைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் உள் டேப்பரைத் துணியால் துடைக்கவும். டயல் கேஜின் முனையை டேப்பருக்குள் வைத்துக் கையால் சுற்றவும். முள் அசையவில்லை என்றால் ஸ்பிண்டிலில் கோட்டம் இல்லை. மேன்ட்ரலைச் செருகி, ஹெட்ஸ்டாக்குக்கு (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதிக்கு) பக்கத்தில் அளக்கவும். கோட்டம் தெரிந்தால் முள் உச்சம் காட்டும் இடத்தில் ஸ்பிண்டிலிலும் மேன்ட்ரலிலும் அடையாளம் இட்டு, மேன்ட்ரலை மட்டும் அரைச்சுற்று திருப்பிச் செருகி மறுபடி அளக்கவும். உச்சம் மேன்ட்ரலின் அடையாளத்தோடு நகர்ந்தால் கோட்டம் மேன்ட்ரலில்; ஸ்பிண்டிலின் அடையாளத்தோடு நின்றால் கோட்டம் ஸ்பிண்டிலில். கடைசியாக டெயில்ஸ்டாக்கை (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதியை) நெருக்கி, கம்பியின் நடுவில் அளக்கவும். இறுக்க இறுக்கக் கோட்டம் கூடினால், அழுத்தம் கம்பியை வில்லாக வளைக்கிறது. தளர்த்தவும்.”

எனக்கு இது இடறாமல் ஓடுகிறது. ‘கோட்டம்’ இருக்கும் இடத்தில் ‘மையவிலகல்’ போட்டுப் படித்துப் பாருங்கள். கடைசி இரண்டு வாக்கியங்கள் பொய்யாகிவிடும், ஏனென்றால் அங்கே கம்பி வளைகிறதே ஒழிய அதன் முனைகள் இரண்டும் மையத்திலேயே இருக்கின்றன.

அந்தக் கடைசிப் பழுதுதான் பேனா கடைகிறவர்களிடம் அதிகம் காணப்படுவது. கட்டை நழுவுகிறதே என்று டெயில்ஸ்டாக்கையும் மேன்ட்ரல் நட்டையும் முறுக்கிவிடுவார்கள். கால் அங்குலக் கம்பி அதைத் தாங்காது. நட்டு விரல் இறுக்கத்துக்கு இருந்தால் போதும். கம்பி உள்ளே நுழைந்துகொள்ளும்படி துளையுள்ள சுழல்முனை கிடைக்கிறது, அதைப் போட்டால் கம்பியின் நுனியில் அழுத்தமே விழாது. மேன்ட்ரலையே விட்டுவிட்டு, புஷ்களை இரு முனைகளுக்கு நடுவே பிடித்துக் கடைவது இன்னும் நல்லது.

அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கடைசலில் இப்படி ஒரு சொல் இருக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இதற்குத் தேவை குறைவு என்று நினைக்கிறேன். சொப்பை ஒரே பிடிப்பில் கடைந்து, சுழலும்போதே அரக்கு ஏற்றி, அறுத்து எடுத்துவிடுகிறார்கள். மரம் எப்படிப் பிடிபட்டதோ அந்த அச்சிலேயே பொருள் முழுதும் உருவாகிவிடுகிறது. பேனாவில் துளை முதலில் வந்துவிடுகிறது. வெளிப்புறம் அந்தத் துளைக்கு ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் 0.1 மி.மீ.க்கும் நமக்குப் பெயர் தேவைப்படுகிறது. திருவள்ளூரில் எபோனைட் (கெட்டி ரப்பர்) கட்டையைக் கடைந்து மையூற்றுப் பேனா செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் வழக்கைக் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். அவர்களிடம் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஹெட்ஸ்டாக்கின் முனையும் டெயில்ஸ்டாக்கின் முனையும் நேருக்கு நேர் சந்திக்காமல் இருப்பதைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அது சுழலாத பாகங்களின் பிசகு. ‘நேர்ப்பிசகு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மேன்ட்ரலுக்கு ‘ஊடுதண்டு’ எப்படி என்பதைத் தனி இழையில் கேட்கிறேன், இங்கே கலந்தால் இரண்டும் நின்றுவிடும்.