இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகள்: ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை பணக்காரர் கைக்கு எப்படிப் போயின?

ஏட்டுச்சுவடி:

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் பழைய உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வில்லியம் ஆஃப் விக்கம் என்ற பிஷப் 1382-ல் வின்செஸ்டர் பள்ளிக்குச் சாசனம் எழுதியபோது, வசதியில்லாத 70 மாணவர்களுக்கு இலவசப் படிப்பு என்றுதான் எழுதினார். கொள்ளைநோயில் பாதிரியார்கள் ஏராளமாகச் செத்துப்போயிருந்ததால் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1440-ல் ஆறாம் ஹென்றி மன்னர் தொடங்கிய ஈட்டனிலும் அதே 70 பேர் கணக்குதான். இன்றைக்கு ஈட்டனில் ஒரு பையனைச் சேர்க்க வருடத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் வேண்டும். எந்தக் கட்டத்தில் இது கைமாறியது, யாரும் தட்டிக் கேட்கவில்லையா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வகுப்பு முடிந்த பிறகு, ராத்திரி விளக்கணைத்த பிறகு, அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? பள்ளி வரலாறுகளில் கட்டடம், தலைமையாசிரியர்கள், அங்கே படித்த பிரதமர்கள் எல்லாம் விலாவாரியாக வருகிறது, இது மட்டும் மேலோட்டமாகத்தான் வருகிறது.

கோட்டைவாசல்:

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே நாளில் கைமாறவில்லை, கதவு ஆரம்பத்திலேயே கொஞ்சம் திறந்துதான் இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் வரை காசு கொடுத்துப் படிக்கலாம் என்று வின்செஸ்டர் விதிகளிலேயே இருக்கிறது. ஈட்டனில் இலவச மாணவர்கள் கல்லூரிக் கட்டடத்துக்குள் தங்கினார்கள், கட்டணம் கட்டியவர்கள் ஊருக்குள் வீடுகளில் தங்கினார்கள். அவர்களை ஒப்பிடன் என்பார்கள். இலவச இடம் 70-லேயே நின்றுவிட்டது, ஒப்பிடன்கள் பெருகிக்கொண்டே போனார்கள். இன்று அங்கே ஏறக்குறைய 1,300 பேர் படிக்கிறார்கள், மன்னர் ஏற்படுத்திய அந்த இடங்கள் இன்றும் 70 தான்.

தட்டிக் கேட்டார்களா என்றால், ஹாரோவில் கேட்டார்கள். ஜான் லயன் என்ற விவசாயி தன் ஊர்ப் பையன்களுக்காக 1572-ல் முதலாம் எலிசபெத் ராணியிடம் சாசனம் வாங்கித் தொடங்கிய பள்ளி அது. வெளியூர்ப் பிள்ளைகளையும் கட்டணம் வாங்கிச் சேர்க்கலாம் என்று ஆசிரியருக்கு ஒரு அனுமதி கொடுத்திருந்தார், கடைசியில் அந்த அனுமதியே பள்ளியை விழுங்கிவிட்டது. ஆசிரியர்களின் வருமானத்தில் பெரும்பங்கு விடுதிக் கட்டணத்திலிருந்துதான் வந்தது, அப்புறம் உள்ளூர்ப் பையனை யார் தேடிப்போய்ச் சேர்ப்பார்கள்? பாடமும் முக்கால்வாசி லத்தீன், கிரேக்கம்தான், கடைக்காரர் மகனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1810-ல் தோற்றார்கள்.

1861-ல் கிளாரண்டன் பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழு ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1868-ல் அவற்றில் ஏழு பள்ளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஹாரோவிலும் ரக்பி என்ற பள்ளியிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று 1870-களில் தனியாக ஒரு பள்ளி ஏற்படுத்தி, பெரிய பள்ளியை முழுக்கக் கட்டணக்காரர்களுக்கே விட்டுவிட்டார்கள். கைமாறிய கட்டம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நிறுவியவர் உயில் எழுதிக் கொடுத்த உரிமையைச் சட்டம் போட்டே மாற்றி எழுதினார்கள், அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இரவுப்பறவை:

இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னால், யாரும் இல்லை. ஈட்டனின் இலவச மாணவர்கள் லாங் சேம்பர் என்ற ஒரே நீண்ட கூடத்தில் படுத்தார்கள். இரவானதும் வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், காலையில்தான் திறப்பார்கள். உள்ளே பெரிய பையன் வைத்ததுதான் சட்டம். சின்னவன் பெரியவனுக்கு ஷூ துடைக்க வேண்டும், ரொட்டி வாட்டித் தர வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். ஃபேகிங் என்ற இந்த வழக்கம் எங்கோ ஒரு மூலையில் நடந்த அத்துமீறல் இல்லை, பள்ளிகள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் பல இடங்களில் இருந்தது.

ஆசிரியர்கள் பிரம்பை வைத்து ஆண்டார்கள், பையன்கள் கலகம் செய்தார்கள். 1797-ல் ரக்பியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பையன் கடையில் வெடிமருந்து வாங்கியிருக்கிறான், கடைக்காரர் விற்கவே இல்லை என்று மறுத்துவிட்டார். தலைமையாசிரியர் இங்கிள்ஸ் பையனைப் பொய்யன் என்று அடித்தார். மற்றவர்கள் போய்க் கடைக்காரரின் ஜன்னல்களை உடைத்தார்கள், நஷ்டத்தை நீங்களே கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. உடனே தலைமையாசிரியர் அறைக் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்து, மேசைகளையும் அவருடைய புத்தகங்களையும் தூக்கிப்போட்டுக் கொளுத்திவிட்டு, அகழி சூழ்ந்த ஒரு மேட்டில் போய் நின்றுகொண்டார்கள். ஒரு பக்கம் கலைந்து போகும்படி எச்சரிக்கும் கலகச் சட்டத்தை வாசித்துக் கொண்டிருக்க, இன்னொரு பக்கமாகப் படைவீரர்கள் தண்ணீரில் இறங்கிக் கடந்துபோய்ப் பிடித்தார்கள். 1818-ல் வின்செஸ்டர் கலகத்தை அடக்கவும் படையைத்தான் கூப்பிட்டார்கள்.

தாமஸ் ஆர்னால்டு 1828-ல் ரக்பிக்குத் தலைமையாசிரியராக வந்தது இந்தப் பின்னணியில்தான். பெரிய பையன்களின் அதிகாரத்தை அவர் ஒழிக்கவில்லை, அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். மேல் வகுப்பு மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொறுப்பைக் கொடுத்து, அவர்கள் மூலமாகவே பள்ளியை நடத்தினார். இப்படிப் பொறுப்பேற்கும் மாணவனை பிரிஃபெக்ட் என்பார்கள். அந்த முறை அவருக்கு முன்பே உண்டு, ஆனால் அதற்கு ஒரு மரியாதை வந்தது அவரால்தான். அவரிடம் படித்தவர்களும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் வேறு பள்ளிகளுக்குத் தலைமையாசிரியர்களாகப் போனார்கள், முறையும் கூடவே போனது.

ஏட்டுச்சுவடி:

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு நன்றி. அந்தக் கடைக்காரர் சங்கதி எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. ஆர்னால்டு செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. இப்போது நிலைமை எப்படி, அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மழைமேகம்:

நான் தென் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் மேட்ரனுக்கு, அதாவது பிள்ளைகளின் உடல்நலத்தையும் அன்றாடத் தேவைகளையும் கவனிக்கும் அம்மாவுக்கு, உதவியாக வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன். இரவுப்பறவை சொன்ன காலம் போய்விட்டது. தனியார் பள்ளிகளில் பிரம்படியை 1999-ல் சட்டப்படி நிறுத்தினார்கள், அரசுப் பள்ளிகளில் நிறுத்தி பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் இங்கே வந்தது என்பதையும் கவனியுங்கள். 1989 குழந்தைகள் சட்டத்துக்குப் பிறகு வெளியார் வந்து விடுதிகளைச் சோதிக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே யாரிடமாவது புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் விடுதியில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்கும். நான் இருந்த விடுதியில் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து பாடம் எழுத வேண்டும், சின்னப் பிள்ளைகள் படுக்கப் போகும்போது போனை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கட்டிலுக்கடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டப் பெட்டி இருக்கும், டக் பாக்ஸ் என்பார்கள். புதிதாக வந்த பிள்ளை அதில் இருப்பதை முதல் வாரமே எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடும், தோழமை பிடிக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நல்லவர்களைத்தான் அங்கே பார்த்தேன், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். இருந்தாலும் எட்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதினாறு வயதில் தானாக விரும்பி வருகிறவர்கள் வேறு, அவர்கள் சந்தோஷமாகவே இருந்தார்கள். சின்னவை ராத்திரி அழுவதில்லை, ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் கேட்கும். பல் தேய்க்கும்போது அழும். குழாய்ச் சத்தம் அதிக நேரம் கேட்டால் நாங்கள் போய்ப் பார்ப்போம். சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரசுக் குழு 2022-ல் விடுதிப் பள்ளிகள் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டிருக்கிறது, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதையும் படியுங்கள்.

நீலஅங்கி:

கோட்டைவாசல் சொன்னதில் ஒரு விதிவிலக்கைச் சேர்க்க வேண்டும். கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளி 1552-ல் லண்டனில் அநாதைப் பிள்ளைகளுக்காகவும் ஏழைப் பிள்ளைகளுக்காகவும் தொடங்கியது, 1902-ல் சசெக்ஸில் ஹார்ஷம் பக்கம் போய்விட்டது. கவிஞர் கோல்ரிட்ஜ் அங்கே படித்தவர். இன்றும் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ படிக்கிறார்கள். நீண்ட கருநீல அங்கி, மஞ்சள் காலுறை என்று டியூடர் காலத்துச் சீருடையைப் பள்ளியே கொடுக்கிறது, பேண்டு வாசிக்க அணிவகுத்துத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். ஆக, மனம் வைத்தால் நிறுவியவர் எண்ணப்படியே நடத்த முடியும் என்பதற்குச் சாட்சி கண்ணெதிரே இருக்கிறது.

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% மதிப்புக் கூட்டு வரி போட்டிருக்கிறார்கள். இதனால் உதவித்தொகை குறையும் என்று பள்ளிகள் சொல்கின்றன, வசூலாகும் பணம் அரசுப் பள்ளிகளுக்குப் போகும் என்று அரசு சொல்கிறது. ஈட்டன் மாதிரிப் பள்ளிகளுக்கு நிலமும் பழைய அறக்கொடைச் சொத்துகளும் நிறைய உண்டு, அவர்கள் உதவித்தொகையில் கை வைத்தால் அதை என்னால் ஏற்கவே முடியாது.