மழைக்காலத்தில் புல்தரை: ஒட்ட வெட்டுவதா, உயரம் விடுவதா?

கீரைப்பாத்தி:
மழை பிடித்ததும் புல் கிடுகிடுவென்று ஏறுகிறது. உடனே எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஒட்ட வெட்டு, கையோடு யூரியா தூவு. இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி, அதுவும் செயின்ட் அகஸ்டின் மாதிரி அகல இலை உள்ள புல்லுக்குக் கூடவே கூடாது. ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வழித்துவிட்டால் புல் தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் மறுபடி இலை விட வேண்டும், அதுவரை வேர் வளர்ச்சி தேங்கிப்போகும். அந்த நேரம் பார்த்து யூரியாவும் போட்டால் இலை நீர்கோத்து மெத்தென்று வரும். பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து நிற்கும் நாட்களில் சாம்பல் புள்ளி என்ற பூஞ்சை நோய் முதலில் பிடிப்பது அந்த இளசு இலையைத்தான்.

மண்வெட்டி:
முழுக்க மறுக்கிறேன். சூட்டில் ஓங்கி வளரும் புல்லுக்கு வளர்கிற காலத்தில்தானே பசி? அப்போது பட்டினி போட்டுவிட்டு, குளிர் வந்து அது தூங்கப் போகும்போதா உரம் போடுவது? அடுத்தது உயரம். நீண்ட புல் மழைக்குச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும், அடியில் காற்று போகாது, உச்சி வெயில் வந்த பிறகும் ஈரம் காயாது. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், அந்த ஈரத்தைப் பொத்தி வைப்பதும் நீங்கள் சொல்லும் முறைதான். அருகம்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள், பெர்முடா என்று விற்பதும் அதே இனம்தான். அது 2.5 முதல் 4 சென்டிமீட்டருக்குள் வெட்டினால்தான் அடர்ந்து படரும். 8 சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள், மேலே பச்சை, அடியில் வெறும் குச்சி.

கீரைப்பாத்தி:
அருகம்புல் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை சார். அகல இலைப் புல்லை அதே 4 சென்டிமீட்டருக்கு வெட்டினால் தரையில் ஓடும் தண்டே சீவிப்போகும், அதற்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வேண்டும். ஒரே அளவை எல்லாப் புல்லுக்கும் சொல்வதுதான் ஆபத்து.

உரத்துக்கு வருவோம். யூரியா தண்ணீரில் சட்டென்று கரைவது, கனமழை அடித்தால் கரைந்து ஓடிவிடும். மண்ணில் நைட்ரேட்டாக மாறிய பிறகும் நிற்காது, ஏனென்றால் மண் துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரே எதிர்மின்னூட்டம், பிடித்து வைக்க ஆளில்லாமல் வேருக்குக் கீழே இறங்கிப் போகும். காசும் போய், அது சேரும் குளத்தில் பாசியும் மண்டும். பட்டினி என்கிறீர்களே, வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டாமல் தரையிலேயே விடுங்கள், புல்லுக்கு வேண்டிய நைட்ரஜன் என்ற தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே திரும்ப வந்துவிடும்.

தும்பைப்பூ:
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழுகிறது. பூஞ்சையா, பூச்சியா? துணுக்கை அப்படியே விட்டால் இது இன்னும் பரவாதா?

மண்வெட்டி:
மருந்து வாங்கும் முன் கையால் பாருங்க. பழுப்பும் பச்சையும் சேரும் ஓரத்தில் ஒரு இலையைப் பிடித்து மெல்ல இழுங்கள். அடியில் அழுகிப் பழுப்பாகி இலை மட்டும் கையோடு வந்தால் பூஞ்சை. புல்லே பாய் சுருட்டுவது போல மண்ணோடு ஒட்டாமல் உரிந்து வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது, கீழே விரலால் கிளறினால் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு கிடக்கும். புழுவுக்குப் பூஞ்சை மருந்து அடித்து ஒரு பயனும் இல்லை. நோய் இருக்கும் வரைக்கும் அந்தப் பகுதித் துணுக்கை வாரி அப்புறப்படுத்துவதே சரி, இதில் கீரைப்பாத்தி சொல்வதோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

கீரைப்பாத்தி:
நோய் உள்ள இடத்தில் வாரிவிடலாம், அதில் மறுப்பில்லை. நல்ல புல்லில் துணுக்கு கனமாக விழுந்தால் காய்கறிப் பாத்தியில் மண்ணை மூடும் மூடாக்காகப் போடலாம், களைக்கொல்லி அடித்த புல்லாக மட்டும் இருக்கக் கூடாது. மெல்லிய அடுக்காகப் போட்டுக் காய்ந்ததும் அடுத்தது. குவித்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு சூடேறி நாறும். செடித்தண்டை ஒட்டியும் போடாதீங்க, வெண்டையும் கத்தரியும் தண்டிலேயே அழுகும்.

மண்வெட்டி:
சரி, கோரைக்கு என்ன பதில்? உயரம் விட்ட புல்தரையில் கோரை தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே. ஒட்ட வெட்டினால் அது ஒடுங்கும்.

கீரைப்பாத்தி:
ஒடுங்கினது மாதிரி தெரியும், அவ்வளவுதான். தண்டை விரலில் உருட்டினால் முக்கோணமாக இருக்கும், அதன் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். மேலே எத்தனை முறை சீவினாலும் கிழங்கு மறுபடி முளை விடும். ஒட்ட வெட்டிய இடத்தில் தரைக்கு வெளிச்சம் விழுவதால் மற்ற களை விதைகளும் சேர்ந்து முளைக்கும். ஈரம் தேங்கும் பள்ளத்தில்தான் கோரை முதலில் குடியேறும். அதனால் வடிகால் வெட்டுங்கள், மண் இறுகியிருந்தால் தோட்ட முள்கரண்டியால் குத்தி இளக்குங்கள்.

மண்வெட்டி:
வடிகாலை ஒத்துக்கொள்கிறேன். அருகம்புல்லை ஒட்ட வெட்டுவதை விடமாட்டேன், பிளேடு மட்டும் கூர்மையாக இருக்கட்டும், மழுங்கினால் நுனி கிழிந்து வெளுக்கும். உரத்தையும் அடியோடு நிறுத்த மாட்டேன். கனமழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கிற இடைவெளி பார்த்து, இலை காய்ந்திருக்கும்போது, மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சமாகப் போட்டு லேசாகத் தண்ணீர் விடுவேன். அகல இலைப் புல் வைத்திருப்பவர்கள் நோய் அடங்கும் வரை அதையும் தள்ளிப்போடட்டும். தும்பைப்பூ, இழுத்துப் பார்த்தீங்களா? இலை வந்ததா, வேரோடு வந்ததா?